பாட்டுக்கு நடுவே பொன்னாடை

நான்கு மணிக்குத் தொடங்கும் என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்தார்கள். அச்சில் வந்ததை நம்புவது என் தொழில் வியாதி. புதுக்கடை நீதிமன்றத்தடியில் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மொழிபெயர்த்துக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். அதனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு மூன்றரைக்கே மண்டபத்தில் போய் இருந்துவிட்டேன். மேடையில் சிம்பொனி இசைக்குழுவினர் நாற்பது பேர், அநேகமாக எல்லோரும் சிங்களப் பிள்ளைகள், கறுப்பு உடுப்போடு வயலின்களுக்குச் சுருதி சேர்த்து முடித்து, சேர்த்ததையே மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் வந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மன்னிப்பு ஒன்றும் இல்லை. கும்பிட்டபடியே வந்தார், சபை எழுந்து நின்றது. நான் எழும்பவில்லை.

பாட வந்தவர் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுபவர். வெள்ளவத்தையில் சின்ன மண்டபங்களில் கிற்றாரோடு ஐம்பது பேருக்குப் பாடிய காலத்திலிருந்தே நாங்கள் இருவரும் அவர் பாட்டுக்குப் பின்னால் திரிகிறோம். அவர் பாட்டுகளில் நிலவும் இல்லை, மயிலும் இல்லை. பஸ்ஸில் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிறவன் இருப்பான், இரவெல்லாம் தூங்கவிடாத பல்லுக்கொதி இருக்கும்.

அதில் ஒரு பாட்டு அக்காவுக்கு உயிர். வேலை முடிந்து வருகிற ஒருத்தி மாடிப்படி ஏறி, வாடகை அறையைத் திறந்து, வெறும் அறையைப் பார்த்து ‘வந்திட்டன்’ என்று சொல்வாள். பதில் சொல்ல ஆள் இருக்காது. பாட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தொடரும். அக்கா கொட்டாஞ்சேனையில் அப்படியொரு அறையில் தனியே பதினொரு வருடம் இருந்தவள். முதல்முதல் கேட்டபோது, “இவன் என்ர யன்னலுக்குள்ளால எட்டிப் பாத்திருக்கிறான்” என்று சொன்னாள்.

அவளுடைய இடது காது போய் நாளாகிவிட்டது. வலது காதுக்கு மெஷின் போட்டிருக்கிறாள். அதுவும் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கச்சேரியின் கைநூலுக்காகப் பாட்டுகளை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்போது பாடகர் போனில் ஒன்று சொன்னார். இந்த முறை அவள் ‘வந்திட்டன்’ என்று சொன்னதும் நாற்பது வாத்தியமும் சேர்ந்து பதில் சொல்லுமாம். அதை அக்காவிடம் சொன்ன நாளிலிருந்து அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். காது போவதற்கு முதல் அதைக் கேட்டுவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு. கைநூலில் அது கடைசிப் பாட்டு. ஏழு மணிக்கு மண்டபத்தை விட வேண்டும், இசைக்குழுவோடும் ஏழு மணிவரைதான் பேச்சு.

விளக்கேற்றினார்கள். திரிக்கு ஒரு பெரிய மனிதர். மின்விசிறிக் காற்றில் இரண்டு திரி அணைந்தன, அதற்குரியவர்களைத் திரும்பவும் அழைத்தார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. ஒருவழியாகப் பாட்டு வந்தது. இரண்டாவது பாட்டில் குழல்கள் மெதுவாக வந்து சேர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த குடும்பம் சரியாக அந்த இடத்தில்தான் தின்னக் கொண்டுவந்த றோல்ஸ் பையைச் சரசரவென்று பிரித்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பொன்னாடை தொடங்கியது. பணம் போட்ட அனுசரணையாளர்களைக் கௌரவிக்கிறார்களாம். அவர்கள் ஏறும்போது மேடை சும்மா இருக்கக் கூடாது என்று ஏற்பாட்டாளர் ஒருவருக்கு ஞானம் பிறந்திருக்கிறது. குச்சி பிடித்து இசைக்குழுவை நடத்துகிறவரின் காதில் போய் ஏதோ சொன்னார். படியேறுவதற்குத் தோதாக அவர்கள் வாசித்தது அக்காவின் பாட்டின் தொடக்கத்தை, அந்தப் பெண் மாடிப்படி ஏறிவருகிற துண்டை. நகைக்கடை முதலாளிக்கு அதை வாசித்தார்கள். சேலைக்கடை முதலாளிக்கு வாசித்தார்கள். முதலாளியின் மச்சானுக்கும் வாசித்தார்கள். செலோ வாசிக்கிற பிள்ளை ஒன்று தலை நிமிராமல் வாசித்தது. இப்படியும் வெட்கம் கெட்ட ஒரு சனமா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பாட்டுக்கு ஒருமுறை இந்தக் கூத்து. ஒலிவாங்கி கீச்சிடுவது காதைக் குத்துகிறது என்று, பொன்னாடை தொடங்கினால் அக்கா மெஷினை நிற்பாட்டிவிடுவாள். “பாட்டுத் தொடங்கேக்க கையில தட்டு, போடுறன்” என்றாள். அப்படியே ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரையும் அழைத்தார்கள். போய்ப் போர்த்திக்கொண்டு வந்தவர் வியர்வையைத் துடைத்தபடி, நான் கேட்காமலே, “கூப்பிட்டவை. போகாமல் விடேலாதே” என்றார்.

“வேண்டாம் எண்டு சொல்ல வாய் இல்லையோ?” என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முதல் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழுக்குப் பதினொரு நிமிடம் இருந்தது. பாட்டு எட்டு நிமிடம். அப்பாடா என்றிருந்தது. அப்போது அறிவிப்பாளர், “இறுதிப் பாடலுக்கு முன்னதாக, இப்பாடல்களை மும்மொழிகளிலும் மணக்கச் செய்த...” என்று இழுத்து என் பெயரைச் சொன்னார்.

நான் எழுந்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டு மறுத்திருக்கலாம். நானோ சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வழி விடச் சொல்லி அக்காவின் கையில் தட்டிவிட்டு நடந்தேன். படியேறுகிற துண்டை எனக்கும் வாசித்தார்கள். குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். படம் பிடிப்பவர் வெளிச்சம் காணாது என்றார். போர்த்தியதைக் கழற்றி மறுபடி போர்த்தினார்கள், அதற்கும் சிரித்தேன். என்னைப் பற்றி ஒரு தாள் நிறைய எழுதி வைத்து வாசித்தார்கள். பாதி பொய். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் இனித்தது.

நான் இறங்கும்போது குச்சி பிடித்தவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாடகர் ஒலிவாங்கிக்கு வந்து, “நேரம் போயிட்டுது, மன்னிக்கோணும்” என்று கிற்றாரை எடுத்து அந்தப் பாட்டில் இரண்டு வரியை மட்டும் பாடினார். சனம் போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அவருக்குப் பின்னால் வயலின்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் பொன்னாடையோடு கூட்டத்துக்குள் அகப்பட்டு நின்றேன். அக்கா எங்கள் வரிசையில், எல்லோருடைய முதுகுகளுக்கும் பின்னால், இருந்த இடத்திலேயே இருந்தாள்.

வீட்டுக்கு ஓட்டோவில் வந்தோம். காலி வீதியில் தெஹிவளைப் பக்கம் போகிற வாகனங்களுக்குள் அது ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“நீ தட்டின உடன மெஷினைப் போட்டனான். படியேறினது வடிவாக் கேட்டது. உன்னைப் பற்றி வாசிச்சதும் கேட்டது. பிறகு எல்லாரும் எழும்பிட்டினம், பாடினவற்ர வாய் அசையிறது மட்டும் தலையளுக்குள்ளால தெரிஞ்சது. சனத்தின்ர இரைச்சல் கேட்டது. வயலின் ஒண்டும் கேக்கேல்ல. அந்த மாதிரிச் சத்தங்கள்தான் முதல் போகுமெண்டு டொக்டர் சொன்னவர். இண்டைக்குப் போயிட்டுது போல.”

“இல்லையக்கா. உங்கட காதுக்கு ஒண்டுமில்லை. அவை வாசிக்கேல்ல. நேரம் காணாமல் விட்டிட்டினம்” என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. “அப்ப காது இருக்குது” என்றாள். ஓட்டோ ஓட்டுகிற தம்பியிடம், “மல்லி, றேடியோவைக் கொஞ்சம் கூட்டுங்கோ” என்றாள். சிங்களப் பாட்டு ஒன்று போனது. அதில் வயலின் வந்த இடத்தில் என் கையைப் பிடித்து, கேட்கிறது என்று தலையசைத்தாள்.

அந்தப் பாட்டு முடிந்த பிறகுதான் என் மடியில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள்.

“நீ ஏன் ஏறினனீ?”

“கூப்பிட்டவை” என்றேன்.