சரிவு பார்த்து நின்ற வண்டி

அரியலூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது இன்றும் என் கண் சாலையின் சரிவுகளைத்தான் தேடும். ஏரிக்கரை இறக்கம், கல்லங்குறிச்சி வழியில் ஒரு பாலத்து இறக்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே சற்றே சாய்ந்த மண் தரை. இவையெல்லாம் அம்மா கடை போட்ட இடங்கள்.

அம்மா குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியை ஓட்டிக் காய்கறி விற்றாள். விற்கும்போது டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிடுவாள். அணைத்தால் வண்டி மறுபடி எடுக்காது. பேட்டரியில் சார்ஜ் இருக்காது. அதனால் சரிவில்தான் நிறுத்துவாள். கிளம்பும்போது உருட்டிவிட்டு கியர் போடுவாள். சரிவு போதாத நாளில் காய் வாங்க வந்த பெண்கள் தள்ளுவார்கள்.

“காயும் வாங்கணும், வண்டியும் தள்ளணுமாக்கா?”

“தள்ளுனாதான்டி கொத்தமல்லி சும்மா.”

சிரித்துக்கொண்டேதான் தள்ளுவார்கள். விடுமுறை நாட்களில் நானும் அவர்களோடு கை வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்புச் சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஆனால் அம்மா ஆசைப்பட்ட இடம் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை வாசல். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் கூட்டம் மொத்தமாக வெளியே வரும். அங்கே தரை சமம். பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வண்டி எடுக்காமல் வழியை அடைத்தால் அப்புறம் அங்கே நிற்கவே விடமாட்டார்கள்.

பேட்டரிக் கடையில் ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடப் பெரியதைக் கொடுத்தார்கள். அதுவும் படுத்துவிடும். மின்னியல் படிப்பின் கடைசி வருட விடுமுறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேட்டரியிலிருந்து எடுப்பவை: காய் விலையைக் கூவும் ஸ்பீக்கர், கலர் விளக்குகள், கீரைக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார். திருப்பிக் கொடுப்பது டைனமோ ஒன்றுதான், அதுவும் இன்ஜின் ஓடும்போது மட்டும். தெருவுக்குத் தெரு ஊர்ந்து போகிற வண்டியில் எடுத்தது எதுவும் முழுதாகத் திரும்பி ஏறவில்லை.

“குழாய் சின்னதும்மா. நாம குடத்த மட்டும் பெருசு பெருசா வாங்கிட்டிருந்தோம்.”

அம்மா யோசித்தாள். “அப்ப பேட்டரி மேல தப்பில்லயா? அத எவ்ளோ திட்டிருக்கேன்.”

“கலர் லைட்டக் கழட்டணும். ஸ்பீக்கரையும் கொஞ்சம்...”

“லைட்ட எடுத்துக்க. ஸ்பீக்கர்ல கை வைக்காத. என் தொண்டைக்கு யாரு டைனமோ மாட்டுவா?”

ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. குறைந்த வேகத்திலும் நன்றாகச் சார்ஜ் ஏற்றும் பெரிய டைனமோவை அரியலூரில் மாட்டினோம். அது நிரப்பக்கூடிய அளவில் ஒரு பேட்டரி, பழையதைவிடச் சின்னது. அம்மாவுக்கு அந்தச் சின்ன உருவத்தில் நம்பிக்கை வரவில்லை. சாவி திருப்பியதும் வண்டி எடுத்தது, ஆனாலும் ஒரு வாரம் சரிவிலேயே நிறுத்தினாள்.

பிறகு ஒரு சாயங்காலம் ஆலை வாசலில் நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தாள். கூட்டம் மொய்த்தது. ஸ்பீக்கர் விடாமல் கத்தியது. பாதி வியாபாரத்தில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“யம்மா, வண்டிய எடுங்க,” என்றார் வாசல் காவலாளி.

நான் தள்ளுவதற்குப் பின்பக்கம் ஓடினேன். அம்மா சாவியைத் திருப்பினாள். என் கை படுவதற்குள் வண்டி உறுமிக்கொண்டு முன்னால் போனது. லாரிக்கு வழி விட்டு, ஓரமாக நிறுத்தி மறுபடியும் அணைத்துவிட்டு இறங்கினாள்.

“கத்திரிக்கா அரைக்கிலோதானே தம்பி கேட்டீங்க?”