காருக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள்

போன வாரம் ஆர்.எஸ்.புரத்தில் மின்சாரக் கார் பார்க்கப் போயிருந்தோம். அங்கே இருந்த சேல்ஸ் தம்பி ஒவ்வொரு வசதியாக அடுக்கிக்கொண்டே வந்து, "இந்த வண்டிக்கு ஆயில் ஃபில்டரே கிடையாதுங்க மேடம்" என்றதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாயில் இருந்த காபி அத்தனையும் அவர் நீட்டிய விலைப்பட்டியல் மேல். என் வீட்டுக்காரருக்கு மட்டும் காரணம் புரிந்து காது சிவந்தது. "கம்முனு இரு அம்மணி" என்றார். எனக்குக் கம்மென்று இருக்கத் தெரிந்திருந்தால் இவருக்கு ஏன் வாக்கப்பட்டிருக்கப் போகிறேன்? உங்களிடம் சொல்வதற்கென்ன.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீடு போத்தனூரில். நான் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். கடைசல் முடிந்து வரும் உருப்படிகளில் திருகு மரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்புவதில் எனக்கு அப்படியொரு ஆனந்தம்! அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. முதலில் பெண் பார்க்க வந்தவர் மோட்டாரைப் பற்றி ஏதோ தப்பாகச் சொன்னார், திருத்தினேன். போனவர்கள் பதிலே சொல்லவில்லை. அடுத்து வந்தவரையும் திருத்தினேன். அவர் கையிலிருந்த கச்சாயத்தைக்கூடத் தின்று முடிக்காமல் எழுந்துவிட்டார்.

மூன்றாவதாகச் சத்தியமங்கலத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவ வாயத் தொறந்தீன்னா நான் தோட்டத்துக் கெணத்துல உளுந்துபோடுவேன், பாத்துக்க." எங்களுக்குத் தோட்டமே கிடையாது. அதையும் சொன்னேன்.

வந்தவர்களைத் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அனுப்பினால் குடும்ப மானம் என்ன ஆவது? நம் காரிலேயே சத்தியமங்கலம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவர வேண்டும் என்று அப்பா முடிவு செய்து, காலையிலேயே பழைய ஆயிலை இறக்கிவிட்டார். ஃபில்டர்தான் வரமாட்டேன் என்றது. அவர் லுங்கியோடு காருக்கு அடியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து நின்றார்கள்.

அப்பா வெளியே வந்து கும்பிடுவதற்குள் மாப்பிள்ளை கீழே குனிந்தார். "நவுருங்க மாமா, நான் கழட்டித் தாரனுங்க." போட்டிருந்ததோ வெள்ளை வெளேரென்ற சட்டை. அப்படியே தரையில் படுத்து உள்ளே போய்விட்டார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, போங்கள்! இவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்பாவும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் கச்சாயத் தட்டோடு முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். ஃபில்டரில் அப்பாவின் பழைய பெல்ட்டைச் சுற்றி மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துத் திருப்பினார். திருப்பினது இறுக்குகிற பக்கம்!

"நல்லா நவுருதுங்க மாமா."

"ஆமாங்க தம்பி, உங்க கை பட்டதுமே நவுருதுங்க. சித்த நான் பாக்கட்டுங்களா?"

"பாருங்க மாமா, பாருங்க."

அப்பா சரியான பக்கம் நெல்லளவு நகர்த்தினார். அடுத்து மாப்பிள்ளை வாங்கி, அந்த நெல்லளவையும் பத்திரமாகப் பழைய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரியவர் தப்பாகத் திருப்புகிறார், சொன்னால் மரியாதையாக இருக்காது என்று இவர் நினைப்பு. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் தப்பு என்று சொல்வதா என்று அப்பா நினைப்பதாக நான் நினைத்தேன். முக்கால் மணி நேரம் இந்தக் கூத்து. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, "ரெண்டு பேருத்துக்கும் என்னொரு ஒத்துமைங்க!" என்று பூரித்துப்போனார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் வந்து என் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். சொன்னால் இவரும் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஆயுசு முழுக்க இப்படியே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க இறுக்கறீங்க. எங்கப்பா கழட்டறாரு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காருக்கு அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு சிரிப்பு. சிரித்த சிரிப்பில் மண்டையை இடித்துக்கொண்டிருக்கிறார் மனிதர். முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஏதாச்சும் தப்பு இருக்குதுங்களா?"

"சட்டையில பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க."

அவர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இவனுக்கு இப்பிடியொருத்திதானுங்க லாயக்கு!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே கீழே படுத்தேன். ஃபில்டருக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் சுத்தியலால் அடித்து இறக்கி ஒரு திருப்பு. 'கிரீச்' என்று கழன்றுவிட்டது. மிச்சமிருந்த ஆயில் புடவையில் பாதி, எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் சட்டையில் பாதி. எங்களுக்கு நிச்சயதார்த்தமே அதுதான் என்று இவர் இன்றைக்கும் சொல்வார்.

கல்யாணமாகி ஆறேழு மாதம் கழித்து அப்பாவிடம் கேட்டேன், அவர் தப்பாகத் திருப்புவது தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று.

"நீ எப்பச் சொல்றீன்னுதான் கண்ணு பாத்துட்டிருந்தேன். நீ சொன்னதுக்கப்பறம் அவரு மூஞ்சி எப்பிடிப் போகுதுன்னு பாக்கோணுமில்ல? எட்டிப் பாத்தேன். சிரிச்சாரு. செரி, குடுத்தர்லாம்னு முடிவு பண்ணிப்போட்டேன்."

போத்தனூர் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. கார் எந்த ஊரில் இரும்பாகிப் போனதோ. அப்பாவும் போய்விட்டார். என் வாய் மட்டும் குறையவில்லை, எங்கே போனாலும் யாரையாவது திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பேசி முடித்ததும் கேட்டவர் முகத்தை எனக்காக ஒரு தரம் எட்டிப் பார்க்க அப்பா இல்லை.