கூப்புடற பார்ட்டு

அப்பா வாங்கிய முதல் நிட்டிங் மிஷின் கப்பலில் வந்தது. எந்த நாட்டிலோ பனியன் துணி ஓட்டி ஓட்டி ஓய்ந்துபோன மிஷின். நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அதை இறக்கித் தேங்காய் உடைத்தார்கள். அதுவரை அப்பா அடுத்தவர் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் சாம்பிள் துணி ஓகே ஆனால் ஆர்டர், இல்லாவிட்டால் மறுபடியும் அதே கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கே இது தெரியும், ஏனென்றால் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

மிஷினோடு ஒரு பெரிய மரப்பெட்டியும் வந்தது. ஸ்பானர், பல்சக்கரம் எல்லாம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தன. அவற்றோடு அதுவும் இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு வளைந்த இரும்புக் கம்பி. ஒரு முனையில் மர உருண்டை, மறுமுனையில் வாய் திறந்த சின்ன மரக்கூடு. கூட்டுக்குள் குட்டிக் குட்டி இரும்பு முட்கள் லொடலொடவென்று ஆடின. கம்பியைப் பிடித்துக்கொண்டு உருண்டையை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால், குளிரில் பல் தந்தியடிப்பது போலக் கடகடகடவென்று சத்தம் வந்து மெல்ல மெல்ல அடங்கும்.

மிஷினை மாட்ட வந்த பிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இது கூப்புடற பார்ட்டுங்கண்ணா. நூல் அறுந்தா சத்தம் போட்டு ஆளக் கூப்புடும். பழைய மாடல்ல வரும்," என்றார்.

எங்கே மாட்டுவது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. இடம் தெரிகிறவரை பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அதைக் கொட்டகையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். யாரும் தொடக்கூடாது என்றார். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேனோ என்னவோ.

அப்பா நூல் எடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தேன். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பத்தாவது தட்டிலோ என்னவோ, ஒரு முள் தெறித்து, மிஷினைத் துடைத்து மூலையில் போட்டிருந்த வேஸ்ட் துணிக்குள் விழுந்தது. குவியலையே கலைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை. சாயங்காலம் வேஸ்ட் எடுப்பவர் வந்து மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் மிஷினை ஓட்டினார்கள். துணி முழுக்க ஓட்டை. பிட்டர் இதைத் திருகினார், அதைத் தட்டினார், நூலை மாற்றினார். இரண்டு நாளாகியும் ஓட்டை போகவில்லை. கடைசியில் அவர் கண் ஆணிப் பக்கம் போனது.

"ஏனுங்கண்ணா, இதுல ஒரு முள்ளக் காணமுங்க. பார்ட்டு இப்படி இருந்தா துணி எப்புடீங்க நல்லா வரும்?"

மிஷினில் மாட்டாமலே தொங்குகிற பார்ட் எப்படித் துணியைக் கெடுக்கும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "யாரு இதத் தொட்டது?" என்று அப்பா கத்தினார். அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

டீயோடு வாசலில் நின்ற அம்மா, "நாந்தானுங்க. கூட்டறப்ப கை பட்டுக் கீழ உழுந்துருச்சுங்க," என்றாள்.

அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். பிட்டர் டீயைக் குடித்தார். எனக்கோ ஒரே குழப்பம். நான் தட்டியபோது போன முள், அம்மா கூட்டும்போது எப்படிப் போகும்? அப்படியானால் போனது இரண்டு முள்ளா? ஒருவேளை நான் தொலைத்தது வேறு எதையோவா? யோசித்து யோசித்து, எனக்கு வசதியான முடிவுக்கே வந்து சேர்ந்தேன். கெடுத்தது அம்மாதான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடமும் அப்படியே சொன்னேன்.

அந்த வாரமே வேறொரு பிட்டர் வந்து, மிஷினில் தேய்ந்துபோன ஊசிகளை மாற்றினார். துணி சுத்தமாக வந்தது, சாம்பிளும் ஓகே ஆனது. ஆணியில் தொங்கியதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா அதற்குச் சந்தனம் வைத்தார். அம்மா கொட்டகைப் பக்கம் வந்தாலே, "அம்மிணி வருதப்பா, பார்ட்டெல்லாம் எடுத்து வைங்க" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாள்.

இத்தனை வருஷம் கழித்து, போன வைகாசியில் பக்கத்து ஊரான மங்கலத்தில் ஒரு கல்யாணம். மேடையில் பாட்டுக் கச்சேரி. தாளம் போடுகிற வரிசையில் இருந்த ஒருவர் வளைந்த கம்பியும் மர உருண்டையுமாக எதையோ எடுத்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். கடகடகட.

"நம்ம பார்ட்டு!" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"அம்மா, அந்த முள்ளத் தொலச்சது நான்," என்றேன்.

"தெரியுங் கண்ணு. வேஸ்ட்டுக்குள்ள தலைய உட்டுத் தேடிட்டு இருந்தயே, ஜன்னல்ல பாத்தனே," என்றாள், மேடையைப் பார்த்தபடியே.

அப்பா பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் என்னவென்று சொல்வது? யாரும் எதையும் கெடுக்கவில்லை என்றா? கொட்டகையில் எல்லாரும் சிரித்தபோதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள். அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.