எஸ் மட்டும் எழவில்லை

அந்தப் பொங்கலுக்கு என் கணவர், எளாவூரில் வாழ்க்கைப்பட்ட தன் அக்காவுக்கு வரிசை கொண்டுபோனார். கரும்பு, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தொண்டை கரகரப்பு. நான் அண்ணி என்று கூப்பிடும் அவருக்கோ மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறவர்.

"கொரோனா டெஸ்ட் எடுத்துக்கினு போங்க" என்றேன்.

"எனக்குத்தான் போன வருஷமே வந்துட்டுப் போச்சே. ரெண்டு ஊசியும் போட்டாச்சு. இன்னா ஆவப்போவுது?" என்று வண்டியை எடுத்தார்.

கும்மிடிப்பூண்டியில், தொழிற்சாலை ஆட்களின் சளி மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. நாங்கள் வைத்திருந்த கிட் வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். தொற்று இருந்தால் திரையில் மூன்று கோடுகள் வளைந்து மேலே எழும். அந்த மாதம் பலருக்கு இரண்டுதான் எழுந்தன. ஸ்பைக் புரதத்தை உண்டாக்கும் எஸ் மட்டும் தரையோடு கிடந்தது. கிட் கெட்டுவிட்டதோ என்று பயந்தோம். கெடவில்லை. அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருந்ததால் கிட்டுக்கு அது பிடிபடவில்லை. புதிய ஒமிக்ரானின் அடையாளம் அது என்றார் எங்கள் டாக்டர்.

விடுமுறை முடிந்து, என் கணவர் வேலை பார்க்கும் உருக்காலை திறக்கும் முன் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. என் கணவரின் மாதிரி என் கைக்கே வந்தது. இரண்டு கோடுகள் எழுந்தன. எஸ் எழவில்லை. உடனே எளாவூருக்குப் போன் செய்தேன். அண்ணிக்கு அதற்குள் காய்ச்சல் கண்டிருந்தது.

அண்ணியைச் சென்னையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீட்டில் தனி அறையில் இருந்த கணவர் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார்:

"ஆன்டிபாடி இருந்தும் எனக்கு எப்டி வந்துச்சு?"

"வைரஸ் மேல முள்ளு மாதிரி இருக்குதே, அதோட நுனிதான் நம்ம செல்லைப் புடிக்குது. ஆன்டிபாடி பலதும் அந்த நுனியிலதான் ஒட்டித் தடுக்கும். இப்ப அந்த நுனியே நெறைய எடத்துல மாறிப்போச்சு. பழைய ஆன்டிபாடி நெறைய அதுல சரியா ஒட்டல. ஆனா செல்லை மட்டும் அது நல்லாவே புடிக்குது."

"அப்ப ஊசி வேஸ்ட்டா?"

"இல்லீங்க. அதனாலதான் உங்களுக்கு முத்தாம இருக்குது. அண்ணிக்கு அந்த மாத்திரையால ஊசி போட்டும் சரியா வேலை செய்யல."

கதவின் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வாரக்கணக்கில் அண்ணிக்குத் தொற்று போகவே இல்லை. இப்படிப்பட்ட உடம்பில் வைரஸ் தங்கத் தங்க மேலும் மாறக்கூடும் என்று எங்கள் டாக்டர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவழியாகப் பிழைத்து வந்தார். ஆனால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. மறுபடி டயாலிசிஸ். இன்றும் என் கணவர்தான் அழைத்துப் போகிறார். யாரால் வந்தது என்று அண்ணி ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

போன மாதம் பார்க்கப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அது இன்னும் மாறிக்கினேதான் இருக்குதாமே?"

"ஆமா, அண்ணி."

அவர் கையை விடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.