தனசேகரின் இரண்டு கைகள்

போன வாரம் என் மகள் புதுக் கீபோர்டு ஒன்றைப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஒயர் எதையும் சொருகவில்லை. போனை எடுத்து ஏதோ தட்டினாள். அவள் வாசிக்க வாசிக்க, போன் திரையில் இசைக்குறிகள் ஓடின. எனக்கோ புது பிளாஸ்டிக்கின் மணம் மூக்கில் ஏறி, செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துப்போய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே வாத்தியார். உங்களுக்கும் நினைவிருக்கும், கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் போவோம். பெயர்ப்பலகையில் ஏசி என்றிருக்கும். உள்ளே ஓடியது கடகடவென்று ஒரு ஃபேன்.

என் நண்பன் தனசேகர், மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலின் மாலை நேர நடன நிகழ்ச்சிக்குக் கீபோர்டு வாசித்து வந்தான். ஆடுபவள் கலா. அவளுடைய புது நடனத்துக்கு மெட்டும் அவனே போட்டிருந்தான். அதை மேடையேற்றச் சில நாட்களே இருந்தபோது, முட்டுக்காட்டில் சாலையோர மணலில் பைக் சறுக்கி அவனுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. வேறு ஆளைப் பார்ப்பதாக ஹோட்டல் மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எவனாவது வாசிக்கட்டும் மச்சான். ஆனா அது என் பாட்டுடா" என்றான், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே.

அவனுடைய கீபோர்டின் முதுகில் வட்டமாக இரண்டு ஓட்டைகள் இருந்தன. அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, வாசிப்பதைப் பதிந்துகொள்ளலாம் என்று எங்கோ படித்திருந்தேன். சென்னைக்குப் போய் அதற்கான ஒயரை வாங்கி வந்தேன். ஒரு முனை, கம்ப்யூட்டரில் கேம் ஆடும் ஜாய்ஸ்டிக்கைச் சொருகும் இடத்துக்கு. மறுமுனையில், கீபோர்டின் ஓட்டைகளைப் போலவே இன், அவுட் என்று எழுதிய இரண்டு பிளக்குகள். கம்ப்யூட்டர் வாத்தியாரான நான் இன்னில் இன்னையும் அவுட்டில் அவுட்டையும் சொருகிவிட்டு, மதியம் முழுக்கக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கலா சிரித்தாள். "இது பேசுனா அதோட காதுலதான வுழணும்? நீ வாய்க்கு நேரா வாயை வெச்சுக்கினு கீறியே!"

மாற்றிச் சொருகினேன். தனசேகர் இடது கையால் கொஞ்சம் வாசித்தான். பதிந்ததைத் திருப்பிப் போட்டதும் கீபோர்டு தானாக அதையே வாசித்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இன்னாடா இது, பதிஞ்சதுல ஃபேன் சத்தம் காணோம்?"

அப்போதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது. அந்த ஒயர் வழியாகச் சத்தம் போவதே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினான், எப்போது விரலை எடுத்தான் என்பது மட்டும் எண்களாகப் போகிறது. கம்ப்யூட்டர் அதைத் திருப்பிச் சொன்னால் கீபோர்டு தன் குரலில் வாசிக்கிறது. அதனால் வேகத்தைக் கூட்டினாலும், டேப்பை வேகமாக ஓட்டினால் வருகிற கீச்சுக் குரல் வராது.

பிறகென்ன? வலது கையின் பகுதியை இடது கையால் மெதுவாக, தடுமாறித் தடுமாறி வாசித்தான். அதற்குமேல் இடது கையின் பகுதியைத் தனியாகப் பதிந்தோம். வேகத்தை ஏற்றி இரண்டையும் சேர்த்துப் போட்டேன்.

"ரெண்டு கையும் கீதுடா" என்றான் தனசேகர். கண் கலங்கியிருந்தது.

மேனேஜரும் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன்.

நடனத்தின் நடுவில் கலாவின் சலங்கை அவிழ்ந்தது. பக்கத்தில் வாசிப்பவர் என்றால் காத்திருப்பார். கம்ப்யூட்டருக்கு அவள் நின்றது தெரியாதே!

"நிறுத்து" என்று தனசேகர் கிசுகிசுத்தான். நிறுத்தினேன். அந்த இடைவெளியில் அவன் இடது கையால் அதே ராகத்தை மெல்ல இழைய விட்டான். கலா குனிந்து சலங்கையைக் கட்டி, நிமிர்ந்து, எங்களைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான், நான் மறுபடி ஓட விட்டேன். எல்லாமே நடனத்தின் பகுதி என்று நினைத்து, பார்க்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் அங்கேதான் பலமாகக் கைதட்டினார்கள். கை குணமாகும்வரை அவனுடைய இடம் அவனிடமே இருந்தது.

ஹோட்டல் புல்வெளியில் இருந்த அந்த மேடை இப்போது கார் நிறுத்துமிடம். சென்டர் இருந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை. ஜாய்ஸ்டிக் சொருகும் இடத்தோடு இன்று கம்ப்யூட்டரே வருவதில்லை. பாட்டைப் பதிந்த ஃப்ளாப்பியும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. கேட்டால் தனசேகர் இன்றும் அதை வாசித்துக் காட்டுவான், இரண்டு கைகளாலும். ஒற்றைக் கையோடு வாசித்த நாளின் அந்தத் தடுமாற்றம் மட்டும் அதில் இருக்காது. காணாமல் போனவற்றில் நான் வருத்தப்படாதது அது ஒன்றுக்குத்தான்.