பாங்காக் எப்படி இருக்கிறது என்றால்

கோத்தகிரி பஸ்ஸில் இன்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு அருகில் இடம் கிடைத்தது. நான் பாங்காக் போய் வந்ததை விசாரிக்க ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று இருந்தது.

காலையில் ரோட்டோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்களோடு நூடுல்ஸ் சூப் குடித்ததைச் சொன்னேன். வேலைக்குப் போகிறவர்களோடு கால்வாய்ப் படகில் நெருக்கியடித்துப் போனதைச் சொன்னேன். மாம்பழத்தைத் தேங்காய்ப்பால் சோற்றோடு தின்றதைக்கூட விடவில்லை.

அக்கா ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"அங்க குளிருமா கண்ணு?"

"இல்லீங்க்கா. ராத்திரியிலயும் வேர்த்து ஊத்துச்சு."

"வேர்க்கறதுக்கா அத்தனை தூரம் போனே? மலை எறங்கி மேட்டுப்பாளையம் போனாப் போதுமே."

"சாப்பாடு வேற மாதிரிங்க்கா."

"மாம்பழம் மேட்டுப்பாளையத்துலயும் கெடைக்குது."

அடுத்த ஸ்டாப்பில் அவருடைய தோழி ஒருவர் ஏறினார். அக்கா என்னைக் காட்டி அவரிடம் சொன்னார்.

"இந்தப் புள்ள பாங்காக் போயிட்டு வந்துருக்குது. மேட்டுப்பாளையம் மாதிரியேதான் இருக்குதாமா."

"அதுக்குத்தான் நான் எங்கயும் போறதில்லை" என்றார் தோழி.

போன் நிறைய போட்டோ இருக்கிறது. மேட்டுப்பாளையம் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காட்டுகிறேன்.