கார்பன் சைக்கிளும் என் வயிற்றுக் கலக்கமும்

மோட்டார் சைக்கிளை விட விலை அதிகமான, மோட்டார் இல்லாத சைக்கிளை விற்பது என் தொழில். விற்காவிட்டால் முதலாளியை நினைத்துப் பயம். விற்றுவிட்டால், வாங்கியவர் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பயம். இன்சூரன்ஸ், காஸ் அடுப்பு, மாடி வீட்டுக்கு லிஃப்ட் என்று எதையாவது அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிற நண்பர்களே, உங்களுக்கு மட்டும்தான் இது புரியும்.

என் பெயர் சிவதாணு. பூர்வீகம் நாகர்கோவில், பிழைப்பு திருவனந்தபுரம். முன்பு சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அரிசி வாங்கிப்போனவர் யாரும் வளைவில் வழுக்கி விழுந்ததாகத் தகவல் வந்ததில்லை. அந்த நிம்மதியை விட்டுவிட்டு, சம்பளம் கூட என்று கவடியார் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தேன். நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. ஸ்கூட்டரிலேயே முப்பதைத் தாண்டமாட்டேன்.

ஒரு விரலால் தூக்குதல்

கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் செய்வது, காட்சிக்கு நிற்கும், கார்பன் இழையில் செய்த சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பது. தூக்குகிறவர் முகம் மலரும். என் முகம் வெளிறும். கீழே போட்டால் யார் பதில் சொல்வது?

கல்யாணராமன் சாரும் அப்படித்தான் வந்து தூக்கினார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், வங்கியில் ஆடிட் அதிகாரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். அலுமினியம் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலை ஏறுகிற கூட்டத்தில் தான் மட்டும் பின்தங்குவதாகவும், அதற்குக் காரணம் தன் கால் அல்ல, சைக்கிளின் கனம்தான் என்றும் கண்டுபிடித்திருந்தார். கூடவே அவர் மனைவி ஜெயஸ்ரீ மாமியும் வந்திருந்தார்.

"உடையுமா?" என்று மாமி கேட்டார். இந்தக் கேள்விக்குக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஒரு பதில் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள்: ஆகாய விமானமே இதில்தான் செய்கிறார்கள் என்று. சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இரும்பு வளையும், அலுமினியம் நெளியும், இரண்டும் முன்கூட்டி ஏதாவது காட்டிக்கொடுக்கும். கார்பன் நல்ல பிள்ளையாக இருந்துகொண்டே ஒரு நாள் பட்டென்று போகும். எல்லாக் கார்பனும் போகாது, எப்போதும் போகாது. ஆனாலும் என் வயிற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் புரிவதில்லை.

மாமியும் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். விலைச்சீட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கனம் கொறையக் கொறைய வெலை கூடும்னாக்க, ஒண்ணுமே இல்லாத சைக்கிளுக்கு இவா என்ன வெலை சொல்லுவா?"

பெடல் தனி

மாமி ஒரு தொகை வகுத்திருந்தார். அதற்கு மேல் ஒரு டீ கூடக் கிடையாது. அந்தத் தொகைக்குள் கடையில் மூன்று கார்பன் சைக்கிள்கள் இருந்தன. ஒன்றில் பட்டனைத் தொட்டால் மாறுகிற எலெக்ட்ரானிக் கியர், ஆனால் சட்டகம் சாதாரணம். இன்னொன்று கொஞ்சம் கனம், முதுகு வளையாமல் நிமிர்ந்து உட்காரலாம், தடித்த டயர் போடலாம். மூன்றாவதில் கியரும் சக்கரமும் சாதாரணம், ஆனால் சட்டகமும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பூப்போல.

நம்மூர் ரோட்டுக் குழிகளையும் சாருடைய இடுப்பையும் மனதில் வைத்து இரண்டாவதைத்தான் சொன்னேன். மூன்று சனிக்கிழமை வந்தார், மூன்றையும் ஓட்டினார். கடைசியில் மூன்றாவதைத் தொட்டார். "கியரைப் பின்னால மாத்திக்கலாம் தாணு. உடம்பை மாத்த முடியுமோ?" என்றார். நியாயமான பேச்சுதான். சட்டகத்துக்கு முதலில் செலவு செய் என்று விவரம் தெரிந்தவர்களும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த ஃபோர்க்கின் மெலிவு பிடிக்கவே இல்லை.

தொகை தீர்ந்துவிட்டதால், காசில்லாமல் எங்கே கனம் குறைக்கலாம் என்று தேட ஆரம்பித்தார். பெல்லைக் கழற்றினார். ரிஃப்ளெக்டரைக் கழற்றினார். டியூபில் காற்றடிக்கிற இடத்து மூடியைக் கூடக் கழற்றினார். இவ்வளவும் ஆன பிறகுதான், இந்த ரகச் சைக்கிளுக்குப் பெடல் தனியாக வாங்க வேண்டும் என்கிற கசப்பான சமாசாரத்தைச் சொன்னேன். சார் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமிதான் கைப்பையைத் திறந்துகொண்டே கேட்டார்: "செருப்புக் கடையில வார் தனியா விக்கறாளோ தாணு சார்?"

விளக்குத் துணி

வண்டி வாங்கினால் பூஜை போடாமல் யார் விடுவார்கள்? மாமி வீட்டு வாசலிலேயே போட்டார். சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம். வட்டமாக இருந்ததற்கெல்லாம் பொட்டு வைத்தபோது சக்கரத்தின் நடுவில் பளபளவென்று இருந்த இரண்டு தட்டுகளுக்கும் வைத்தார். அவைதான் பிரேக் தட்டுகள். பொட்டு காய்ந்து உதிர்ந்து அசிங்கமாக இருக்கிறதே என்று மறுநாள் அவரே துடைத்தும் விட்டார். எதைக் கொண்டு? பூஜை விளக்கைத் துடைக்கிற துணியால். எத்தனையோ நாள் எண்ணெய் ஊறிய துணி.

சார் வெள்ளை உடுப்பும் ஹெல்மெட்டுமாகக் கிளம்பினார். தம்பானூர் பக்கம் இறங்குகிற சரிவில் பிரேக்கைப் பிடித்தார். பிடித்தது கைதான், வண்டி இல்லை. இன்னும் அழுத்தினார். வண்டி இன்னும் ஜோராகப் போனது. சவாரிக்காக நின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டோவின் பின்புறத்தில் போய் முட்டித்தான் நின்றார். முழங்கையில் சிராய்ப்பு, ஆட்டோவின் தகரத்தில் ஒரு சொட்டை. சைக்கிளில் ஒரு கீறல் கூட இல்லை.

எல்லோரும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். உள்ளே அடிபட்டிருந்தாலும் கார்பன் வெளியே காட்டாதே என்று எனக்குத்தான் கவலை. எங்கள் மெக்கானிக் பிஜு பிரேக் கட்டைகளை மாற்றினான். சட்டகம் முழுக்க ஒரு நாணயத்தால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டான். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாகுமாம், எங்கும் ஒரே மாதிரி 'டிக் டிக்' என்றது. குழப்பமில்லை, அதாவது கோளாறு எதுவும் இல்லை என்றான். ஆனால் ஃபோர்க்கின் மேல் தண்டு சட்டகத்துக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. அதை யார் தட்டிப் பார்க்க முடியும்? கழற்றிப் பார்க்கலாமே என்றேன். வெளியே அடையாளம் எதுவும் இல்லாமல் எதற்கு வண்டியைப் பிரிக்க வேண்டும் என்று சார் கேட்டார், நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குக் கடைக்கு வந்து சொட்டையைக் காட்டிய ஆட்டோக்காரர் சைக்கிளில் மிச்சமிருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, பிரேக் இல்லாத்த வண்டிக்கு எதுக்கா இத்தற அலங்காரம்?"

ஞாயிற்றுக்கிழமைத் தகவல்

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கம்பெனியிலிருந்து தகவல். அந்த மாடலில் ஒரு பகுதி ஃபோர்க்குகளில், மேல் தண்டில் விரிசல் விட வாய்ப்பு இருக்கிறதாம். வாங்கியவர்கள் உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டுமாம். ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவார்களாம்.

அந்த மேல் தண்டு முறிந்தால் என்ன ஆகும் தெரியுமா? கையில் ஹாண்டில்பார் இருக்கும். சக்கரம் தன் பாட்டுக்குப் போகும்.

நாங்கள் அந்த மாடலில் மூன்று விற்றிருந்தோம். முதல் ஆள் ஒரு டாக்டர், உடனே போனை எடுத்தார், வண்டியைத் தொடமாட்டேன் என்றார். இரண்டாவது ஆள் துபாயில் இருந்தார், சைக்கிள் இங்கே பரணில் இருந்தது. மூன்றாவது கல்யாணராமன் சார். ஆட்டோவில் முட்டிய சார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொன்முடி போகிற சார்.

போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.  கடைசியில் எடுத்தது மாமி. சார் எங்கே என்றேன். விடிவதற்கு முன்பே தனியாகப் பொன்முடிக்குக் கிளம்பிவிட்டாராம். போன் ஏன் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். விஷயம் தெரியாத மாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது இருநூறு கிராம் இருக்காம். கொண்டுபோனா கனமாம்."

கல்லாறு தாண்டி

மாமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.  கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு பிஜுவின் வேனில் ஏறினேன். நெடுமங்காடு, விதுரா என்று ஊர்கள் போயின. ரோட்டோரத்தில் எங்காவது நாலு பேர் சேர்ந்து நின்றால் நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கல்லாறு செக்போஸ்ட்டில் கேட்டோம். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் காலையிலேயே சைக்கிளில் மேலே போனார், இறங்கி வந்ததைப் பார்க்கவில்லை என்றார் காவலர்.

அங்கிருந்து வளைவுகள். ஏறும்போது ஒன்றும் ஆகாது, மெதுவாகத்தான் போவார். இறங்கும்போதுதான். மற்றவர்கள் எல்லாம் கடையில் வந்து இறக்கத்து வேகத்தைப் பெருமையடிக்கும்போது இவரும், "நான் அறுபதுக்குக் கொறைஞ்சு எறங்கறதே இல்லையாக்கும்" என்று சொல்வார். அந்த அறுபது இப்போது என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிஜு ரோட்டைப் பார்த்தான், நான் பள்ளத்தைப் பார்த்தேன். ஒரு வளைவில் ஏழெட்டுப் பேர் தடுப்புச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேன் நின்றது. இறங்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். கருங்குரங்கு குட்டியோடு உட்கார்ந்திருக்கிறதாம், போட்டோ எடுக்கிறார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிஜு பார்க்காத மாதிரி வேனை எடுத்தான்.

இன்னும் சில வளைவு தாண்டியபோது, மேலே பால் இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு பிக்கப் வண்டி எதிரே வந்தது. "அண்ணா, அது நம்முடெ சைக்கிள் அல்லே!" என்று பிஜு கத்தினான். காலிப் பால் டப்பாக்களுக்கு நடுவே மஞ்சள் சட்டையில் கல்யாணராமன் சார், சைக்கிளைக் குழந்தை மாதிரி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. "இறங்கறதை விட்டுட்டு இந்தப் பால் வண்டியில என்ன சார் பண்றீங்க?" என்று கத்தியே விட்டேன். கீழே இறங்கி வந்து, பிக்கப் டிரைவருக்குக் கேட்காதபடி சொன்னார்: "அன்னைக்கு ஆட்டோவில முட்டினதிலேர்ந்து எறக்கம்னா எனக்கு வயத்தைக் கலக்கறது தாணு. அதுக்கப்பறம் ஒரு தடவை கூட நான் எறங்கினதில்லை, கூட்டத்தை விட்டுட்டுத் தனியா வந்து எல்லா வாரமும் இந்தப் பால் வண்டிதான்."

நகத்தில் தட்டியது

கடையில் வைத்துப் பிஜு ஃபோர்க்கை உருவினான். துணியால் துடைத்து, தண்டைச் சுற்றி நகத்தை மெல்ல ஓட்டினான். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் ஓட்டவைத்தான். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. பாதித் தண்டைச் சுற்றியிருந்தது. நகம் தட்டி நின்றது. கம்பெனி செய்த கோளாறா, ஆட்டோ செய்ததா, யார் கண்டது? அதன் மேல் ஒருவர் அறுபதில் இறங்கியிருந்தால் என்று நினைத்தபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சாரும் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.  தண்ணீர் வாங்கிக் குடித்தார். புது ஃபோர்க் வந்ததும் மாற்றலாமா, இல்லை, மாமி சொன்ன தொகைக்குள்ளேயே அந்த இரண்டாவது மாடலுக்கு மாறிக்கொள்கிறீர்களா, கம்பெனியிடம் நான் பேசுகிறேன் என்றேன். இரண்டாவதே இருக்கட்டும், கொஞ்சம் கனம் இருந்தால் தேவலை என்றார். மாமிக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடவா என்று கேட்டேன். பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார்: "விரிசல் விட்டதைச் சொல்லாதேயும். அதைச் சொன்னா, நான் எப்படிப் பொழைச்சேன்னு கேப்பா, பால் வண்டியையும் சொல்லணும்."

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவரிடம் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பயம் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம், இரண்டாவது குறையக் கூடாது.